“இளைப்பு இருக்கா?” என்று கேட்டேன், “இருக்கு” என்றார். எங்கே கோட்டை விட்டேன்?

மூன்றாமாண்டு_மண்டை | செவ்வாய், இரவு 10:48

வணக்கம். சிங்கப்பூரில் மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். நெஞ்சக நோய் வார்டுக்கு வந்து ஒன்றரை வாரம் ஆகிறது. இன்று காலை ரவுண்ட்ஸில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

58 வயதுக்காரர், செக்யூரிட்டி வேலை. சர்க்கரை உண்டு. 30 வருடம் தினமும் ஒரு பெட்டி சிகரெட், விட்டு 4 வருடம் ஆகிறதாம். ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், கொஞ்சம் சளி. குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், பெருமையாக நானே போய் உட்கார்ந்தேன்.

“அங்கிள், இளைப்பு இருக்கா?”
“இருக்கு தம்பி. நாலஞ்சு மாசமாவே இருக்கு.”

சிகரெட், இருமல், இளைப்பு. அப்புறம் என்ன, சிஓபிடி (புகையால் மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபடும் நோய்) என்று எழுதி, ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலைச் சோதிப்பது) செய்யலாம் என்றும் சொன்னேன். எங்களுக்கு மேலே இருக்கும் டாக்டர், ரிஜிஸ்ட்ரார், கேட்டது ஒன்றுதான்: “அவர் இப்போது டாய்லெட் போய் வந்தாரே, மூச்சு வாங்கியதா, பார்த்தாயா?” பார்க்கவில்லை. அவ்வளவு நேரம் நான் கணினித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூச்சுத்திணறல் என்று வருகிறவரை எங்கிருந்து தொடங்கி யோசிப்பது? புத்தகத்தில் காரணங்கள் இரண்டு பக்கத்துக்கு இருக்கின்றன. ஆள் எதிரே உட்கார்ந்ததும் ஒன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 11:05

தம்பி, வார்டு எண்ணும் வேலையிடமும் இருந்த வரியை எடுத்துவிட்டேன். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதாதீர்கள். மற்றவர்கள் தொடரலாம்.

ஆன்கால்_அண்ணன் | செவ்வாய், இரவு 11:31

இரண்டு பக்கக் காரணங்களை மனப்பாடம் செய்யாதே. “எப்போதிலிருந்து?” என்று கேள். அந்த ஒரு பதிலில் பட்டியல் பாதியாகிவிடும்.

நொடியில், நிமிடத்தில் வந்த திணறலா? நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கலாம், தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கலாம். ஒல்லியான, உயரமான இளைஞன் திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலி என்று வந்தால் காற்றுக் கசிவு. நீண்ட விமானப் பயணம் முடித்தோ மூட்டு ஆபரேஷன் முடிந்தோ வந்தவர், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஆக்சிஜன் மட்டும் குறைகிறது என்றால் ரத்தக்கட்டி. ஈசிஜியில் புத்தகம் சொல்லும் எஸ்1கியூ3டி3 என்ற வடிவத்தைத் தேடிக்கொண்டு நிற்காதே. பெரும்பாலும் வெறும் வேகமான துடிப்புதான் தெரியும். ரத்தக்கட்டிக்கான வெல்ஸ் மதிப்பெண் போட்டு, சாத்தியம் குறைவென்றால் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை, அதிகமென்றால் நேரே சிடி ஸ்கேன்.

மணிக்கணக்கு, நாள்கணக்கு என்றால் ஆஸ்துமா கிளம்பியிருக்கும், நிமோனியா, அல்லது இதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கும். இந்த மூன்றாவதும் விசில் அடிக்கும், அதை ஆஸ்துமா என்று நினைத்து நெபுலைசர் வைத்துக்கொண்டே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 70 வயதில் முதன்முதலாக ‘ஆஸ்துமா’ வருகிறது என்றால் முதலில் கழுத்து ரத்தநாளம் புடைத்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார், தலையணை எத்தனை வைத்துப் படுக்கிறார் என்று கேள்.

வாரக்கணக்கு என்றால் நுரையீரல் உறையில் நீர், காசநோய், புற்றுநோய், ரத்தசோகை. வருடக்கணக்கு என்றால் சிஓபிடி, நுரையீரல் நாரிழைத் தடிப்பு.

உன் ஆளுக்கு 4, 5 மாதம். சிஓபிடிக்கு அது குறைவு. 30 வருடம் புகைத்தவர் போன மாசியில் ஒரு நாள் காலையில் எழுந்து “இன்று முதல் மூச்சு வாங்குகிறது” என்று சொல்லமாட்டார். மாடிப்படியை விட்டு லிஃப்டுக்கு மாறியது எப்போது என்று அவருக்கே தெரியாது.

ஊதுங்க_ஊதுங்க | புதன், காலை 7:12

நான் நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்புவதற்கு முன்னால் அது என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று மாணவர்கள் தெரிந்துகொண்டால் எங்களுக்குப் புண்ணியம்.

மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் ‘டப்’பென்று ஊதவைப்போம். அதோடு விடமாட்டோம். “ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க” என்று பக்கத்தில் நின்று கத்துவோம். முகம் சிவந்து, இனி ஒன்றுமில்லை என்று அவர் கையை ஆட்டும்வரை. நிறையப் பேர் பிறந்தநாள் மெழுகுவத்தி அணைப்பதுபோல ஒரு ஊது ஊதிவிட்டு, முடிந்ததா என்று பார்ப்பார்கள். சரியான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும், நல்லதாக அமைந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இது சரியாக அமையாமல் வரும் ரிப்போர்ட்டைப் படிப்பது வீண்.

முதல் நொடியில் வெளிவந்த காற்று எஃப்இவி1, மொத்தமாக ஊதியது எஃப்விசி. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஊதியபிறகும் இந்த விகிதம் 0.70-க்குக் கீழே நின்றால், அறிகுறியும் புகைத்த வரலாறும் சேர்ந்திருந்தால், சிஓபிடி. மருந்துக்குப் பிறகு எஃப்இவி1 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறினால் ஆஸ்துமாவின் பக்கம் சாய்கிறது. இரண்டும் சேர்ந்து வரவேண்டும், ஒன்று போதாது. விகிதம் நன்றாக இருந்து மொத்தக் காற்றே குறைவாக இருந்தால் நுரையீரல் விரிய மறுக்கிறது. நாரிழைத் தடிப்பு, உறையில் நீர், கூன் முதுகு, எதுவாகவும் இருக்கலாம்.

ஆஸ்துமாக்காரர் நன்றாக இருக்கும் நாளில் வந்து ஊதினால் எல்லாம் இயல்பாகவே வரும். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று எழுதாதீர்கள். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து இரண்டு வாரம் காலையும் மாலையும் குறித்துவரச் சொல்லுங்கள். ஏறி இறங்குகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக ஒன்று. ஒரு மாதத்துக்கு மேல் சளியோடு இருமுகிறவரை, எக்ஸ்ரே பார்க்காமல் என் சிறிய அறைக்குள் தள்ளி மூச்சை முட்டி ஊதச் சொல்லாதீர்கள். காசநோய் இல்லை என்று தெரிந்தபிறகு அனுப்புங்கள். அந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது நான்.

இறுதியாண்டு_இம்சை | புதன், மதியம் 12:40

0.70 பற்றி ஒரு சண்டை: வயதாக ஆக அந்த விகிதம் இயற்கையாகவே குறையும். 80 வயதுப் பாட்டிக்கு 0.68 வந்தால் அவரும் சிஓபிடியா? வயதுக்கேற்ற கீழ் எல்லையைப் பார்க்கவேண்டும் என்று எங்கள் பேராசிரியர் விடாமல் சொல்வார்.

ஊதுங்க_ஊதுங்க | புதன், மதியம் 1:03

உங்கள் பேராசிரியர் சொல்வது நியாயம்தான். 0.70 என்று பிடித்தால் வயதானவர்களில் கூடுதலாகவும், நாற்பது வயதுக்காரர்களில் குறைவாகவும் பிடிபடும். நாங்கள் ரிப்போர்ட்டில் இரண்டையும் போடுகிறோம். தேர்வில் 0.70 எழுதுங்கள், பாட்டியைப் பார்க்கும்போது பாட்டியைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | புதன், மாலை 6:25

எல்லோரும் இயந்திரத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த முதல் கேள்வியிலேயே நிற்கிறேன். தம்பி, “இளைப்பு இருக்கா” என்றுதானே கேட்டீர்கள்?

35 வருடம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன். நீங்கள் கேட்டது மூச்சு இளைப்பு. அவர் எதைச் சொன்னார்? “ஆள் ரொம்ப இளைச்சிட்டாரு” என்று நாம் சொல்வதில்லையா? உடம்பு மெலிந்ததை அவர் சொல்லியிருந்தால்? டாய்லெட் போய் வந்தபோது மூச்சு வாங்கியதா என்று ரிஜிஸ்ட்ரார் கேட்டார் என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

இப்படி நிறைய இருக்கிறது. “இழுப்பு” என்று ஒருவர் சொன்னால் அது ஆஸ்துமாவாகவும் இருக்கும், கை கால் இழுத்துக்கொள்ளும் வலிப்பாகவும் இருக்கும். ஊரைப் பொறுத்தது. “சளி” என்றால் மூக்கு ஒழுகுவதும் சளி, காறித் துப்புவதும் சளி. “மூச்சு வாங்குது” என்றால் நடந்தால் வருவது. “மூச்சு முட்டுது” என்று நடுராத்திரி எழுந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இதயம். “நெஞ்சு அடைக்குது” என்பதை யாராவது ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால் எனக்கு நம்பிக்கையே வராது. கையை வைத்துக் காட்டச் சொல்வேன்.

நாளைக்குப் போய் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேளுங்கள். மூச்சா, உடம்பா? அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். சார்ட்டில் எல்லோருக்கும் 18 என்று எழுதியிருக்கும், அதை நம்பாதீர்கள். எழுதிய கூட்டத்தில் நானும் ஒருத்தி.

தேக்கா_வாசி | புதன், இரவு 9:17

டாக்டர்கள் கூடியிருக்கிறீர்கள், நடுவில் ஒரு சந்தேகம். என் அம்மாவுக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். மழையில் நனைந்ததால் வந்ததா?

இறுதியாண்டு_இம்சை | புதன், இரவு 9:30

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்களா? பெயர் ‘ப்ரில்’ என்று முடிகிறதா?

தேக்கா_வாசி | புதன், இரவு 9:52

எனலாப்ரில்! எப்படிச் சொன்னீர்கள்?

ஆன்கால்_அண்ணன் | புதன், இரவு 10:10

அந்த வகை மாத்திரையில் வறட்டு இருமல் ஆசியர்களுக்குச் சற்று அதிகமாகவே வரும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பாலிகிளினிக்கில் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார்கள், பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் மூக்குச் சளி பின்பக்கம் வடிவது, நெஞ்செரிச்சல், இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா என்று அடுத்தடுத்துப் பார்க்கவேண்டும். மழை பாவம், அதன்மேல் எல்லாவற்றையும் போடாதீர்கள். (மழைக்கும் நிமோனியாவுக்கும் ஒரே ஒரு உண்மையான தொடர்பு உண்டு, கல்ச்சர்_ஆளு வந்தால் சொல்வார்.)

மூன்றாமாண்டு_மண்டை | வியாழன், மதியம் 2:36

சிஸ்டர், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

“அங்கிள், அன்னைக்கு இளைப்புன்னு சொன்னீங்களே, மூச்சா உடம்பா?” என்று கேட்டேன். சிரித்தார். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்து யூனிஃபார்ம் பெல்ட்டை எடுத்துக் காட்டினார். கடையில் வந்த ஓட்டைகள் வரிசையாக, வட்டமாக இருக்கின்றன. அதற்கு உள்பக்கம் இரண்டு ஓட்டை, ஓரம் பிசிறு பிசிறாக. ஆணியைச் சூடாக்கிப் போட்டாராம். “சக்கர இருக்கவங்க இளைப்பாங்கன்னு சொன்னாங்க, நல்லதுன்னு விட்டுட்டேன்.”

ராத்திரி பனியன் நனைந்துபோகுமாம். வீட்டில் ஏர்கான் இல்லை, அதனால்தான் என்று நினைத்திருக்கிறார். இருமும்போது இரண்டு தடவை ரத்தக் கோடு பார்த்திருக்கிறார். “நீங்க கேக்கல, நான் சொல்லல.” அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூச்சு எண்ணினேன், 24. சார்ட்டில் 18. வலப்பக்கம் அடியில் தட்டினால் மந்தமாக இருக்கிறது, மூச்சுச் சத்தமும் இல்லை.

ஆன்கால்_அண்ணன் | வியாழன், மாலை 5:58

இப்போதுதான் நீ நோயாளியைப் பார்த்திருக்கிறாய். சரி, அந்தத் தட்டல்.

இடக்கை நடுவிரலை விலா இடுக்கில் அழுத்தி வை, மற்ற விரல்கள் தோலைத் தொடக்கூடாது. வலக்கை நடுவிரலை மணிக்கட்டிலிருந்து ஆட்டித் தட்டு. காதைவிட விரலுக்கு முதலில் தெரியும். நீர் இருக்கும் இடம் கல்மேல் தட்டுவதுபோல விரலைத் திருப்பி உதைக்கும். 1761-இல் இதை எழுதிவைத்த ஆவென்புருக்கர் ஆஸ்திரியாக்காரர், விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயில் மது எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் என்று சொல்வார்கள். நம்மூரில் தர்பூசணி வாங்குகிறவர்களும் தட்டத்தான் செய்கிறார்கள், யாரும் புத்தகம் போடவில்லை.

மந்தமாக இருந்தால் அடுத்த கேள்வி: நீரா, நிமோனியாவால் இறுகிய நுரையீரலா, சுருங்கிப்போன நுரையீரலா? கையை வைத்து “ஒண்ணு ஒண்ணு ஒண்ணு” என்று சொல்லச் சொல். இறுகியிருந்தால் அதிர்வு கூடும், நீர் இருந்தால் கையில் ஒன்றும் வராது. மூச்சுக்குழாய் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கழுத்தில் தொட்டுப் பார். நிறைய நீர் இருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளும், சுருங்கியிருந்தால் தன் பக்கம் இழுக்கும்.

எக்ஸ்ரேயை மறுபடி திற. கீழே நீரைப் பார்த்ததும் நிறுத்தியிருப்பாய். காறை எலும்புக்குப் பின்னால் மேல்நுனியையும் இதயத்துக்குப் பின்னாலும் பார்த்தாயா?

மூன்றாமாண்டு_மண்டை | வியாழன், இரவு 7:20

வலப்பக்கம் மேலே காறை எலும்புக்குப் பின்னால் ஒரு மங்கல் இருக்கிறது. நான் எலும்பு என்று நினைத்திருந்தேன். ரிஜிஸ்ட்ராரிடம் சொன்னேன், அவர் முன்பே பார்த்திருக்கிறார். சளியை அனுப்பியாகிவிட்டது, நோயாளியைத் தனி அறைக்கு மாற்றுகிறார்கள். நானே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் ரிஜிஸ்ட்ரார் காத்திருந்தாராம். அது கரிசனமா தண்டனையா தெரியவில்லை.

ரத்தத்தில் ஐஜிஆர்ஏ என்ற காசநோய்ப் பரிசோதனை செய்து பார்த்தால் காசநோயா என்று தெரிந்துவிடாதா?

கல்ச்சர்_ஆளு | வியாழன், இரவு 11:44

தெரியாது. கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. இந்த வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு பாசிட்டிவ் வரும். நோய் இருக்கும்போதே நெகட்டிவ்வும் வரலாம். சந்தேகம் என்றால் சளி வேண்டும், சளி.

நீங்கள் அனுப்பும் டப்பாவில் பாதி நேரம் எச்சில்தான் வருகிறது. தண்ணி மாதிரி, நுரையோடு. அதை வைத்து நான் என்ன செய்ய? காலையில் எழுந்ததும் வாய் கொப்புளித்து, ஆழமாக இழுத்து, அடியிலிருந்து காறி வரவேண்டும், கொழகொழவென்று. கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிப் பார்க்க ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதனால் தகடு நெகட்டிவ் என்பது விடுதலைப் பத்திரம் அல்ல. ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மரபணுச் சோதனை சுமார் 2 மணி நேரத்தில் கிருமியையும் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லும். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, வாரக்கணக்கில் ஆகும், ஆனாலும் போடவேண்டும். 1882 மார்ச் 24-இல் ராபர்ட் கோக் இதைக் கண்டுபிடித்ததாகப் பெர்லினில் அறிவித்த காலத்திலிருந்தே இந்தக் கிருமிக்கு அவசரம் கிடையாது.

உறையிலிருந்து நீர் எடுத்தால் புரதம், எல்டிஹெச் என்ற நொதி இரண்டையும் அதே நேர ரத்தத்தோடு சேர்த்து அனுப்புங்கள். நீர்-ரத்தப் புரத விகிதம் 0.5-ஐத் தாண்டினாலோ, எல்டிஹெச் விகிதம் 0.6-ஐத் தாண்டினாலோ அது அழற்சி நீர். ரத்தத்தின் இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை நீரின் எல்டிஹெச் தாண்டினாலும் அதே முடிவுதான். லைட் என்ற மருத்துவர் 1972-இல் சொன்னது, இன்னும் ஓடுகிறது. லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் நிறைந்து, ஏடிஏ என்ற நொதி 40-க்கு மேல் போனால் காசநோய்ப் பக்கம். அதே நீரைப் புற்றுநோய் செல்லுக்கும் அனுப்புங்கள், 30 வருடப் புகையை மறக்கவேண்டாம்.

இப்போது மழைக் கதை. சர்க்கரைக்காரர், எடை குறைகிறது, மேல்பகுதியில் மங்கல், சிங்கப்பூர். இதற்கு மெலியோய்டோசிஸ் என்றும் ஒரு பதில் உண்டு. கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிறது, பலத்த மழைக்குப் பிறகு கூடும். பெரும்பாலும் வேகமான நிமோனியாவாக வரும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுத்துக் காசநோய் வேஷம் போடும். வழக்கமாக எடுத்துப் போடும் ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரையாக்சோன் இதற்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அதற்கான வளர்ப்புத் தட்டில் போடுவோம். சொல்லாவிட்டால் ஏதோ சூடோமோனாஸ் வகைக் கிருமி என்று ஒதுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. இதை முதலில் விவரித்து 1912-இல் ரங்கூனிலிருந்து எழுதியவர்கள் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும். பாடத்தில் பல காலம் ‘விட்மோர் நோய்’ என்றே இருந்தது. கிருஷ்ணசுவாமியை விட்டுவிட்டார்கள்.

இறுதியாண்டு_இம்சை | வெள்ளி, காலை 8:05

தேர்வுக்காக இரண்டு வரி, யாரும் கோபிக்காதீர்கள். நிமோனியா எவ்வளவு தீவிரம் என்று மதிப்பெண் போடும் கர்ப்-65: குழப்பம், ரத்தத்தில் யூரியா 7-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது மேலே, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ் அல்லது கீழ் அழுத்தம் 60 அல்லது குறைவு, வயது 65 அல்லது மேலே. சிஓபிடிக்காரருக்கு விரல்நுனி உருண்டு தடித்திருந்தால் அதைச் சிஓபிடி கணக்கில் எழுதாதீர்கள், புற்றுநோயைத் தேடுங்கள். புகையே பிடிக்காத ஆசியப் பெண்ணுக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும், இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றத்தோடு. ஆஸ்துமா முற்றியவருக்குக் கார்பன் டை ஆக்சைடு ‘இயல்பு’ என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள், வேகவேகமாக மூச்சு விடுகிறவருக்கு அது குறைந்திருக்கவேண்டும்; மூச்சு விட்டு விட்டுக் களைத்துவிட்டார் என்று பொருள்.

மூன்றாமாண்டு_மண்டை | வெள்ளி, இரவு 9:49

ஜீன்எக்ஸ்பெர்ட் பாசிட்டிவ். ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. காசநோய்க்கான நான்கு மருந்தும் இன்று மாலை தொடங்கியாயிற்று. மெலியோய்டோசிஸ் கல்ச்சரில் இதுவரை ஒன்றும் வளரவில்லை. வீட்டுக்குப் போனபிறகு தினமும் பாலிகிளினிக்குக்கு வந்து நர்ஸ் முன்னால் மாத்திரை சாப்பிடவேண்டும் என்று சொன்னதும், “வேலைக்குப் போற வழிதான்” என்றார். ஸ்பைரோமெட்ரி ரத்து. அவரோடு நெருங்கியிருந்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன், முதல் நாள் வெறும் சர்ஜிகல் மாஸ்கோடு அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கல்ச்சர்_ஆளு | வெள்ளி, இரவு 10:02

இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை, 8 வாரம் கழித்து இன்னொன்று. இன்றைய நெகட்டிவை வைத்துக் கொண்டாடாதீர்கள். உங்களுக்குத் தொற்றியதா என்று பார்க்க, *அங்கே* ஐஜிஆர்ஏ பயன்படும்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | வெள்ளி, இரவு 10:20

2003-இல் சார்ஸ் வந்தபோது இந்த ஊரில் 238 பேருக்கு வந்தது, 33 பேர் போய்ச்சேர்ந்தார்கள். அதற்கப்புறம்தான் எங்களுக்கு என்95 போடும் ஒழுங்கு வந்தது. இருமுகிறவர் எதிரே உட்காருமுன் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அப்புறம் ஒன்று, எடை பார்த்தீர்களா? பெல்ட்டைச் சொன்னீர்கள், எண்ணைச் சொல்லவில்லை.

மூன்றாமாண்டு_மண்டை | வெள்ளி, இரவு 10:41

இப்போதுதான் குறிப்பில் தேடினேன், சிஸ்டர். சர்க்கரைக்கு பாலிகிளினிக் போனபோதெல்லாம் எடை பார்த்திருக்கிறார்கள். ஜனவரியில் 66 கிலோ, ஏப்ரலில் 61. இங்கே சேர்ந்த அன்று 55. மூன்று எண்ணும் ஒரே திரையில்தான் இருந்தன, செவ்வாய்க்கிழமை நான் பார்த்துக்கொண்டிருந்த அதே திரையில்.